பீரோவைக் குறைப்பது: விட மனம் வராத துணிகளை என்ன செய்யலாம்?

பீரோவை ஒழிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கிழிந்த பனியனையும் சாயம் போன சட்டையையும் ஒதுக்க யாருக்கும் சிரமம் இல்லை. அம்மாவின் நூல் புடவை, குழந்தையின் முதல் சட்டை, கல்லூரி நாட்களில் போட்டுத் தேய்ந்த டி-ஷர்ட் என்று ஏதாவது ஒன்று கையில் வந்ததும் வேலை நின்றுவிடுகிறது. பிரித்துப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும் மறுபடி மடித்து இருந்த இடத்திலேயே வைப்பதுமாக அரை நாள் போய்விடும். ஒரு தட்டுகூடக் காலியாகியிருக்காது.

இரண்டு வேறு வேலைகளைச் சேர்த்துச் செய்யப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. உடுத்தும் துணி என்றால், இனி இதை உடுத்துவேனா என்று கேட்டாலே போதும். நினைவுக்காக வைத்திருக்கும் துணிக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. உடுத்துவதற்காகவா அதை வைத்திருக்கிறோம்? ஆகவே இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். இடையில் ஒரு வாரமாவது விடுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்ட துணி பத்திரமாக இருப்பதில்லை. அந்துப்பூச்சியும் ஈரமும் பழைய வியர்வைக் கறையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும். நாற்பது துணிகளை இப்படி வைத்திருப்பதைவிட நாலு துணிகளை ஒழுங்காகக் காப்பாற்றுவது, அந்தத் துணிக்குரியவருக்கும் நாம் செய்யும் மரியாதை.

முதல் நாள்: அன்றாடம் உடுத்துபவை

ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் முடிவெடுக்கும் தெம்பு இருக்காது. ஒன்று, எல்லாமே பீரோவுக்குத் திரும்பும். இல்லையென்றால் சலிப்பில் தேவையானதும் வெளியே போய்விடும். பீரோ முழுவதையும் கட்டிலில் கொட்டாதீர்கள். இரவில் படுக்க இடம் வேண்டுமே என்று மொத்தத்தையும் அள்ளி உள்ளே திணிப்பதில்தான் அது முடியும். வகை வகையாக எடுங்கள். உள்ளாடையும் காலுறையும் முதலில். பிறகு வீட்டில் உடுத்துபவை, வேலைக்கு உடுத்துபவை, விசேஷத்துக்கு உடுத்துபவை. வீட்டில் எங்கெங்கோ கிடக்கும் அந்த வகைத் துணி அத்தனையும் ஒரே இடத்துக்கு வரட்டும். ஒன்பது கறுப்பு பேண்ட் ஒரே குவியலாகக் கிடப்பதைப் பார்த்தால்தான் எதை உண்மையில் எடுத்து உடுத்துகிறோம் என்பது பிடிபடும்.

நான்கு பெரிய பைகள், ஓர் அட்டைப் பெட்டி, ஆள் உயரக் கண்ணாடி, பேனா. இவை போதும். புது ஹேங்கரையும் சேமிப்புப் பெட்டிகளையும் முன்கூட்டி வாங்காதீர்கள். எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கிவிட்டால், பெட்டி காலியாக இருக்கிறதே என்பதற்காகவே துணி தங்கிவிடும். பைகளில் ‘கொடுக்க’, ‘தைக்க’, ‘துடைக்க’, ‘கழிக்க’ என்று எழுதிவையுங்கள். அட்டைப் பெட்டி நினைவுத் துணிகளுக்கு. அப்படி ஒன்று கையில் வந்தால் பிரிக்காமல் அதில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் முதல் நாள் வேலை கண்டிப்பாக முடியும்.

சந்தேகமாக இருக்கும் எதையும் உடுத்திப் பாருங்கள். கையில் பிடித்துப் பார்த்துத் தீர்மானிப்பது ஏமாற்றும். கையை உயர்த்துங்கள், உட்காருங்கள், குனியுங்கள். அக்குள் பிடித்தாலோ இடுப்பில் வெட்டினாலோ அது நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். எலாஸ்டிக்கை இழுத்து விடும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் ரப்பர் இற்றுப்போய்விட்டது என்று பொருள். இடுப்புப்பட்டி எலாஸ்டிக்கை மாற்றிவிடலாம். துணியோடு நெய்த ஸ்ட்ரெட்ச் இழை தளர்ந்துவிட்டால் மீளாது. செயற்கைத் தோல் கைப்பைகளிலும் ஜாக்கெட்டுகளிலும் மேலே பூசியிருப்பது பெரும்பாலும் பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரமே அதைச் சிதைத்து உரியவைக்கும். உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் உரியும். பிற்காலத்துக்கு என்று பொத்திவைக்கக் கூடாதவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், கையில் ஒரு கோப்பையைக் கொடுக்கப்பட்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. நம்முடையது என்றான உடனேயே பொருளின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இது இன்றைக்குக் கடையில் தொங்கினால், இதே அளவில், இதே நிலையில் வாங்குவேனா? பதில் சொல்லத் தயங்கினாலே, அது ‘கொடுக்க’ பைக்கு உரியது.

அப்படியும் தீர்மானிக்க முடியாதவற்றுக்கு ஹேங்கர் சோதனை இருக்கிறது. எல்லா ஹேங்கர்களையும் கொக்கி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். ஒரு துணியை உடுத்தித் துவைத்துத் திரும்ப மாட்டும்போது மட்டும் கொக்கியைச் சரியான பக்கம் திருப்புங்கள். ஒரு வருடம் கழித்தும் திரும்பாமல் நிற்பவை எவை என்று அவையே சொல்லிவிடும். ஆறு மாதத்தில் முடிவு கட்டினால் குளிருக்கும் மழைக்கும் உரியவை வீணாக மாட்டிக்கொள்ளும். மடித்துவைப்பவற்றுக்கு உள் லேபிளில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள், உடுத்தும்போது அவிழ்த்தால் போதும்.

‘தைக்க’ பைக்குக் கெடு இரண்டு வாரம். பட்டன், ஜிப், தையல் பிரிந்தது என்று சின்ன வேலைகளுக்கு அது தாராளம். இரண்டு வாரத்தில் தைக்காத துணி, இரண்டு வருடமானாலும் தைக்கப்படாது. அதைத் தைத்து உடுத்தக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: நினைவுத் துணிகள்

களைப்பில்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். முடிந்தால் கூட ஒருவர் இருக்கட்டும். துணியை அவர் எடுத்துக் காட்டட்டும், நீங்கள் தொடாமல் பார்த்துச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டே யோசித்தால் விடுவது கடினம். கூட இருப்பவர் பொறுமையானவராக, இதெல்லாம் எதுக்கு என்று கேட்காதவராக இருக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவர் இருப்பதைவிடத் தனியாகச் செய்வதே மேல்.

ஒவ்வொன்றையும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். யாருடையது, எந்த நாள், என்ன நடந்தது. வரி தானாக வந்துவிட்டால் அது நினைவுத் துணி. “சும்மா, பழசு, இருக்கட்டும்” என்பதுதான் வருகிறதென்றால் அது வெறும் பழைய துணி. எல்லாத் துணிக்கும் ஒரே அளவுகோல் சரிவராது.

இறந்தவர்களின் துணி. இதற்குக் கெடு கிடையாது. துக்கத்தின் முதல் மாதங்களில் இதில் கைவைக்கவே வேண்டாம். உறவினர்கள் வற்புறுத்தினாலும் “இப்போது வேண்டாம்” என்று சொல்லிவிடலாம். அதுவரை துணி கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிரிக்கும் நாளில் அந்த வீட்டின் ஒவ்வொருவரும் முதலில் தமக்கென ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், வயதில் சிறியவர்களும்தான். அதன் பிறகே மற்றவற்றைப் பற்றிப் பேச்சு. ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டால், “எனக்கு ஒரு சட்டைகூட இல்லாமல் செய்துவிட்டாயே” என்று மற்றவர்கள் பின்னால் கேட்கும் வருத்தம் ஆண்டுக்கணக்கில் ஆறாது. தேர்ந்தெடுக்கும்போது விலை உயர்ந்ததைத் தேடாதீர்கள். அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிய பட்டைவிட, தினமும் உடுத்தி முழங்கை தேய்ந்த சட்டையில்தான் அவர் அதிகம் இருப்பார்.

வாசனைக்காகவே வைத்திருக்கும் துணிக்குத் தனிப் பக்குவம் வேண்டும். உடல் வாசனை ஆவியாகிப் போகக்கூடியது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் போகும். மொத்தத் துணியையும் துவைக்காமல் வைக்க வேண்டாம். காலர் இருக்கும் சட்டை, துண்டு, கைக்குட்டை என்று நன்கு காய்ந்த ஏதாவது ஒன்றை மட்டும் இறுக மூடும் கண்ணாடிச் சாடியிலோ ஜிப் பையிலோ போட்டு இருட்டில் வையுங்கள். வியர்வை படிந்த துணியைத்தான் பூச்சி விரும்பும் என்பதால், முதலில் பையோடு உறைபெட்டியில் (ஃப்ரீசர்) வைத்தெடுப்பது நல்லது. அதன் முறை கீழே இருக்கிறது. துவைக்காமல் பூச்சியைக் கொல்ல வீட்டில் அதைவிட நல்ல வழி இல்லை.

குழந்தைகளின் துணி. ஒரு குழந்தைக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிறந்ததும் போட்டது, பிடித்துப்போய்க் கழற்ற மறுத்தது, யாரோ கையால் தைத்தது அல்லது பின்னியது, இப்படி. மற்றவை இப்போதே ஒரு குழந்தைக்குப் போகட்டும். பத்து வருடம் கழித்துக் கொடுத்தால் எலாஸ்டிக் இற்று, பட்டன் துருவேறி, அன்று கண்ணுக்குத் தெரியாத பால் கறை மஞ்சளாகப் பூத்து, யாருக்கும் உதவாமல் போகும். பேரக்குழந்தைக்கு என்று சேர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பழைய உடல்வாகுக்கு உரியவை. மெலிந்த பிறகு போடலாம் என்று வைத்திருக்கும் துணிகள் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குறையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைய உடம்புக்கு நன்றாக இருப்பவற்றை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.

பிறர் பரிசாகக் கொடுத்துப் பிடிக்காமல் போனவற்றுக்கு நீண்ட யோசனை தேவையில்லை. கொடுத்தவரின் அன்பு கொடுத்த அன்றே வந்து சேர்ந்துவிட்டது. கொடுத்துவிடுங்கள். ஒரே எச்சரிக்கை: வீட்டில் வேறொருவருடைய துணியை, அது எவ்வளவு நைந்திருந்தாலும், கேட்காமல் வெளியேற்றாதீர்கள்.

விடும் முன் படம் எடுப்பது

இது ஒப்புக்குச் சொல்லும் ஆறுதல் இல்லை. 2017-ல் காரன் வின்டரிச்சும் சக ஆய்வாளர்களும் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நன்கொடை திரட்டினார்கள். நினைவுள்ள பொருளைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்ட விடுதிகளிலிருந்து 613 பொருள்கள் வந்தன. வெறுமனே கொடுக்கச் சொன்ன விடுதிகளிலிருந்து 533. பிடித்துவைப்பது பெரும்பாலும் நினைவைத்தான். நினைவுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் துணியை விடக் கை இணங்குகிறது.

படத்தை ஏனோதானோவென்று எடுக்கக் கூடாது. ஜன்னலருகே, நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளை விரிப்பின் மேல் துணியைச் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், ஜரிகையும் பட்டும் வெளிறித் தெரியும். நான்கு படங்கள்: முழுதாக முன்பக்கம், முழுதாகப் பின்பக்கம், மிக நெருக்கத்தில் ஒரு விவரம், அதை உடுத்திய ஒருவரோடு சேர்த்து ஒன்று. நெருக்கப் படத்துக்குக் கைத்தையல், ஒட்டுப் போட்ட இடம், தேய்ந்த பொத்தான் துளை ஆகியவற்றைத் தேடுங்கள், நினைவு தங்குவது அங்கேதான். கூடவே மூன்று வரிகள் எழுதுங்கள், அல்லது குரலில் பதியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்லிப் பதியுங்கள். கோப்பைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் இன்னும் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள்.

எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு எண்ணைவிடப் பெட்டியே நல்ல அளவு. ஓர் ஆளுக்குச் சுமார் 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள ஒரு பெட்டி. மூடி அழுத்தாமல் மூட வேண்டும். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போகும். முடிவே வராதவற்றை ஒரு பையில் கட்டி, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை எழுதி ஓரமாக வைத்துவிடலாம். ஒரே ஒரு பை மட்டும்.

வெட்டித் தைப்பது

இறுதியில் செய்ய வேண்டியது இது, ஏனென்றால் வெட்டியதை ஒட்ட முடியாது. குடும்பத்தில் எல்லோரும் சரி என்ற பிறகே கத்தரியை எடுங்கள். எளிதானது தலையணை உறை. 40 செ.மீ. தலையணைக்கு, சட்டையின் பட்டன்களைப் போட்டபடியே முன்பக்கத்திலிருந்து 42 செ.மீ. சதுரம், முதுகிலிருந்து அதே அளவில் இன்னொன்று வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே நான்கு பக்கமும் தையுங்கள். பட்டனைக் கழற்றித் திருப்பினால் உறை தயார். தலையணையும் அந்த வழியாகவே உள்ளே போகும். சட்டைப்பை முன்பக்கச் சதுரத்துக்குள் விழும்படி வெட்டுங்கள்.

டி-ஷர்ட்களை இணைத்துப் போர்வை தைப்பது பெரிய வேலை. 150 க்கு 180 செ.மீ. போர்வைக்கு 30 செ.மீ. சதுரங்கள் முப்பது வேண்டும். முன்னும் பின்னுமாக ஒரு சட்டைக்கு இரண்டு வீதம் பதினைந்து சட்டைகள். பின்னல் துணி இழுபட்டு அலையலையாகிவிடும் என்பதால், முதலில் 36 செ.மீ. அளவில் தாராளமாக வெட்டி, பின்புறம் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை ஒட்டி, அதன் பிறகு 31.5 செ.மீ. சதுரமாகத் திருத்துங்கள். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் 0.75 செ.மீ. போகும். அச்சிட்ட படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் ஒட்டி உருகிவிடும். பட்டையும் பருத்தியையும் கலக்காதீர்கள், துவைக்கும்போது வெவ்வேறு அளவில் சுருங்கித் தையல் இழுக்கும். ஒரு மாதத்துக்குள் தொடங்க முடியாதென்றால் இந்தத் திட்டமே வேண்டாம். வெட்டிப் போட்ட துண்டுகளின் மூட்டை, வெட்டாத துணியைவிடத் துயரமானது.

வெளியே போகிறவை

கொடுப்பவற்றைத் துவைத்து நன்றாகக் காயவைத்து, ஜிப்பையும் பட்டனையும் போட்டு மடியுங்கள். எல்லாப் பைகளையும் துழாவுங்கள், உள்பை, மடித்துத் தைத்த ஓரம் உட்பட. ரசீது, சாவி, நகை, பணம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். பணிச் சீருடைகளிலிருந்து சின்னத்தையும் பெயர்ப்பட்டையையும் பிரித்தெடுங்கள், தவறாகப் பயன்பட இடம் கொடுக்க வேண்டாம். கிழிந்ததையும் கறை படிந்ததையும் நன்கொடைப் பையில் சேர்க்காதீர்கள். பெறுபவர்கள் அதைப் பிரித்தெறியும் வேலைதான் மிஞ்சும். சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் உலகெங்கிலும் இருந்து போய்க் குவிந்து கிடக்கும் துணிமலைகள், வேண்டாதவற்றை இன்னொருவர் தலையில் தள்ளியதன் விளைவு. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியை மறுபடி இழையாக்குவதும் எளிதல்ல.

கிழிந்த பருத்தித் துணி நல்ல துடைப்புத் துணியாகும். 30 செ.மீ. சதுரமாக இருபது வெட்டினால் போதும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, சூட்டில் உருகும். அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். வெளியே போகும் பையை உள்ளே தெரியாத வகையில் கட்டி, இரண்டு நாளுக்குள் வாசலைத் தாண்டவிடுங்கள். வீட்டில் தங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிடும்.

வைத்துக்கொண்டவற்றைக் காப்பது

சுத்தமாகத் தெரிகிறதே என்று துவைக்காமல் வைக்கக் கூடாது (வாசனைக்காக வைத்ததைத் தவிர). வியர்வையும் சர்க்கரை கலந்த பானமும் உலர்ந்ததும் தெரியாது. மாதங்கள் செல்லச் செல்லக் காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகிவிடும். கஞ்சி போட வேண்டாம், இராமபாணப் பூச்சி மாவுச்சத்தைத் தேடி வரும். நிழலில் காயவையுங்கள். வெயில் சாயத்தை வெளுப்பதோடு பட்டு இழையையும் பலவீனமாக்கும். ஊக்கு, பின், துருவேறக்கூடிய கொக்கி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு, இறகு போன்றவற்றை. அழுக்கு இருந்தால் பருத்தியையும் கடிக்கும். ஐயமிருந்தால் துணியை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, −18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியில் வைக்க வேண்டும், உடனே திறந்தால் துணியில் நீர் கோத்துவிடும். கண்ணாடி மணி, தோல், பசை ஒட்டிய வேலைப்பாடு உள்ளவற்றுக்கு இது ஆகாது. வாசனைப் பொட்டலங்கள் முட்டையைக் கொல்லாது. அந்துருண்டை கொல்லும், ஆனால் நாப்தலின் நச்சு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். குழந்தை உடுத்தப் போகும் துணியோடு அதை வைக்காதீர்கள்.

பெட்டி பாலிப்ராப்பிலீன் என்ற நெகிழியாக இருக்கட்டும், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். 3 என்றால் பிவிசி. அது நாளடைவில் வெளியிடும் வேதிப்பொருள்கள் துணியைக் கறையாக்கும். சலவைக்கடை நெகிழி உறையையும் வந்த அன்றே கழற்றிவிடுங்கள். மரத்தட்டின் மேல் துணியை நேராக வைத்தால் மரத்தின் அமிலம் பழுப்பாக ஏறும். செய்தித்தாளும் அப்படித்தான். துவைத்த வெள்ளை மல் துணி எளிதில் கிடைப்பது, அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் அதைவிட நல்லது. மடிப்புகளுக்குள் அதையே உருட்டி வைத்தால் கூர்மையான மடிப்பு விழாது. பின்னல் ஆடைகளைத் தொங்கவிடாதீர்கள், தோள் நீண்டுவிடும். கனமான ஜரிகைத் துணியை மல் துணி சுற்றிய குழாயில் சுருட்டுவதே உத்தமம். காற்றை உறிஞ்சி அமுக்கும் பைகள் ஒரு பருவத்துக்குச் சரி, வருடக்கணக்கில் வைத்தால் கம்பளி பழையபடி உப்பாது.

ஒவ்வொன்றோடும் யாருடையது, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதிய சீட்டைப் பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். பேனா மை ஈரம் பட்டால் பரவும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, ஒரு மணி நேரம் காற்றாடவிட்டு, பழைய மடிப்பில் விழாமல் வேறு கோட்டில் மடியுங்கள். அதே கோட்டில் மடிந்துகொண்டே இருந்தால் பட்டு அங்கேதான் முதலில் கிழியும். பூச்சியின் நூல் கூடோ மணல் போன்ற எச்சமோ தெரிந்தால் மறுபடி உறைபெட்டி. பூசண வாடை வந்தால் வீட்டுக்குள் உதறாதீர்கள், வித்துகள் மற்றத் துணிகளில் படியும். வெளியே கொண்டுபோய் முழுக்க உலர்த்தி, மென்மையான தூரிகையால் தட்டி, துவைக்கக்கூடியதைத் துவையுங்கள். பெட்டியையும் துடைத்துக் காயவைத்த பிறகு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, சுவரையும் தரையையும் ஒட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.